வெள்ளப் படகில் தேங்கும் நீரை வெளியேற்றும் முறை

மழைக்காலத்தில் தாழ்வான கிராமங்களுக்குக் காற்றடைத்த ரப்பர்ப் படகு இன்றியமையாத சாதனமாகிவிட்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, வீடுகளில் சிக்கியோர் பலர் இத்தகைய படகுகளால் மீட்கப்பட்டனர். காற்றை நிரப்பினால் படகு மிதக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், படகினுள் புகும் நீரை வெளியேற்றுவது எப்படி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரின் பாரம்

மழையாலும் அலையாலும் படகில் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். உட்புறம் 2 மீட்டர் நீளமும் 80 செ.மீ. அகலமும் உள்ள படகில் 10 செ.மீ. உயரத்திற்கு நீர் தேங்கினால், அதன் அளவு 160 லிட்டர். எடை 160 கிலோ. இரண்டு மூன்று பேரை ஏற்றுவதற்குரிய இடத்தை இந்த வீண்பாரம் பிடித்துக்கொள்ளுகின்றது. காற்றறைகள் இருப்பதால் படகு உடனே மூழ்கிவிடாது என்பது உண்மையே. ஆயினும், தேங்கிய நீர் ஓரிடத்தில் நில்லாது. ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் நீரும் அப்பக்கமே ஓடும்; சாய்வு மேலும் மிகும். குழந்தைகளும் முதியோரும் நிறைந்த படகு நிலைதடுமாற இதுவே காரணமாகக்கூடும்.

வடிகால் துவாரம்

ஏரி மதகைத் திறந்தால் நீர் வெளியே பாய்வதற்குக் காரணம், ஏரியின் நீர்மட்டம் வாய்க்காலின் மட்டத்தைவிட உயர்ந்திருப்பதே ஆகும். படகின் வடிகாலும் இதே விதிக்கு உட்பட்டது. மோட்டார் பொருத்தும் படகுகளில், பின்பலகையின் அடியில் ஒரு துவாரமும் அதனை மூடத் தக்கையும் இருக்கும். பாரம் ஏற்றி நிற்கும் படகில் உட்தளம் பெரும்பாலும் வெளிநீரின் மட்டத்திற்குக் கீழே இருக்கும். அந்நிலையில் தக்கையை எடுத்தால் வெளிநீர் உள்ளே புகும்.

படகு விரைந்து செல்லும்போது நிலைமை மாறுகின்றது. முன்புறம் உயர்வதால் தேங்கிய நீர் பின்பலகையை நோக்கி ஓடும். பின்பலகையை ஒட்டி வெளிநீரும் தாழும். அப்பொழுது துவாரத்தைத் திறந்தால் நீர் வடிந்துவிடும். வேகம் குறையுமுன் மூடிவிட வேண்டும். சில படகுகளில் துவாரத்தின் வெளியே ரப்பர் மடல் ஒன்று உண்டு. அது வெளியேறும் நீருக்கு வழிவிட்டு, உள்ளே வரும் நீரைத் தடுக்கும். வேறு சிலவற்றில் யானைத் துதிக்கை போன்ற துணிக்குழாய் தொங்கும். அதனைக் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டினால் அடைப்பு, இறக்கிவிட்டால் வடிகால்.

தானே இறைக்கும் கருவி

டென்மார்க் நாட்டுப் பாய்மரப் படகு வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றவர். படகின் ஓட்டத்தாலேயே நீரை உறிஞ்சி வெளியேற்றும் கருவி அவர் பெயராலேயே வழங்குகின்றது. படகின் அடியில் சிறு சரிவுப் பெட்டி போல அது நீட்டிக்கொண்டிருக்கும். அதனை ஒட்டி நீர் விரைந்து ஓடும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைவதால் உள்நீர் உறிஞ்சப்படுகின்றது. வேகம் இல்லையேல் இக்கருவி பயன்படாது. மேலும், இதனைப் பொருத்தக் கெட்டியான அடித்தளம் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த தெருவிலோ, கற்களும் வேலிகளும் நீரில் மறைந்திருக்கும். அடியில் நீட்டிய கருவி எளிதில் உடையும். ஆதலால், கிராம மீட்புப் பணிக்குப் பின்பலகைத் துவாரமும் மடலும் உள்ள படகே ஏற்றது.

ரிஷிகேசத்தில் கங்கையின் வேகநீரில் செல்லும் காற்றுத் தெப்பங்களில் வேறொரு முறை கையாளப்படுகின்றது. அவற்றின் தளமே காற்றடைத்த மெத்தையாகி நீர்மட்டத்திற்கு மேல் நிற்கும். ஓரத்துத் துவாரங்கள் வழியே நீர் தானே வடியும். பாரம் மிகுந்தால் தளம் தாழ்ந்து சிறிது நீர் மேலே வரும்.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியவை

1. தக்கையைக் கயிற்றால் படகிலேயே கட்டிவைத்தல் வேண்டும். மாற்றுத் தக்கைகள் இரண்டேனும் இருப்பில் இருக்கட்டும்.

2. துடுப்பால் செலுத்தும் படகில் வடிகாலை நம்பலாகாது. இறைப்பதற்கு வாளியும், எஞ்சிய நீரை ஒற்றியெடுக்கப் பஞ்சும் வைத்தல் அவசியம்.

3. வைக்கோல், சருகு, பாலித்தீன் ஆகியவை துவாரத்தை அடைக்கும். மணல் படிந்தால் மடல் சரியாக மூடாது. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் நல்ல நீரால் கழுவ வேண்டும்.

4. படகைத் தரையில் இழுக்காமல் தூக்கிச் செல்ல வேண்டும். உலர்த்தி, எலி புகாத அறையில் தக்கையைக் கழற்றிய நிலையில் வைப்பது நலம்.

5. செப்டம்பர் மாதத்திலேயே ஊர் ஏரியில் படகை இறக்கி, ஐந்து வாளி நீரை உள்ளே ஊற்றி, அது வடிகின்றதா என்று சோதிக்க வேண்டும். ஓட்டுபவர் இருவராவது இதில் பழகியிருத்தல் வேண்டும். படகில் ஏறும் அனைவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும்.

வெள்ளம் வந்த இரவில் தக்கையைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. ஆதலால், வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய கூட்டத்திலேயே படகின் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிவைப்பது பஞ்சாயத்தின் கடமையாகும்.