பயணத்தில் உணவு நெறி



சென்னைவாழ் நம்மவர் திண்டிவனம், வந்தவாசி, மேல்சித்தாமூர் நோக்கிச் செல்கையில் தாம்பரத்தைக் கடப்பது வழக்கம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைவீதியில் சுண்டல், பஜ்ஜி, பானிபூரி ஆகியவற்றின் மணம் வழிமறிக்கும். குழந்தை கைநீட்டிக் கேட்கும். "கூடாது" என்று அதட்டினால் அது அச்சத்தைக் கற்குமேயன்றி அறத்தைக் கல்லாது. காரணம் கூறித் தேர்ந்தெடுக்கப் பழக்குவதே கல்வியாகும்.

1. பொருளறிதல்: கிழங்குகளில் எண்ணற்ற உயிர்கள் உறைவன என்பது நம் ஆகமக் கொள்கை. பானிபூரியில் உருளைக்கிழங்கும், மசால் வடையில் வெங்காயமும் உண்டு. வேர்க்கடலை மண்ணுள் விளைந்தாலும் வித்தே, கிழங்கன்று. தேன் மிட்டாயில் உள்ளது பெயரளவில்தான் தேன்; உண்மையில் அது சர்க்கரைப் பாகு.

2. கேட்டறிதல்: வாழைக்காய் பஜ்ஜி ஏற்புடையதே. ஆயினும், "ஐயா, இதே எண்ணெயில் முட்டை போண்டா பொரித்தீர்களா?" எனப் பணிவுடன் வினவுக. ஆம் எனில் நன்றி கூறி அகல்க. உழைத்துண்பவரை இகழ்தலும் இம்சையே.

3. தூய்மை: கறுத்துப் புகையும் எண்ணெயில் பொரித்தவற்றையும், செய்தித்தாளில் மடித்துத் தருவனவற்றையும் தவிர்க்க, அச்சு மை உணவில் கலக்கும். வடிகட்டாத நீரும் பனிக்கட்டியும் வேண்டா. நம் கண்முன் சீவும் இளநீரும் நுங்கும், தோலுரித்து உண்ணும் வாழைப்பழமும் நன்று.

4. காலம்: இதுவே அரிய பகுதி. கடைவீதி களைகட்டுவது விளக்கேற்றிய பின்னரே. விளக்கொளியை நாடும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும். ஆதலின் இரவுண்ணாமை வகுக்கப்பட்டது. சென்னையில் கதிரவன் கார்த்திகைத் தொடக்கத்தில் மாலை 5.40 மணியளவிலும், ஆனி இறுதியில் 6.40 மணியளவிலும் மறைவான். எனவே, ஆனியில் ஆறு மணிக்கு உண்ட அதே சுண்டல், கார்த்திகையில் அதே மணிக்கு ஆகாது. கடிகாரத்தை அன்று, வானத்தை நோக்குக.

அலுவல் முடிந்து எட்டு மணிக்கு இல்லம் திரும்பும் பிள்ளைகள் உளர். அவர்களைப் பழித்தல் வேண்டா. மாலை ஐந்து மணிக்கு உண்ணக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புக. நாள்தோறும் இயலாதெனில் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலேனும் காக்கச் செய்க. சிறுகக் காத்த நெறியே பெருக வளரும்.

பயிற்சி வினாக்கள்

1. வேர்க்கடலை கிழங்கு அன்று, ஏன்?
2. இன்று உங்கள் ஊரில் கதிரவன் மறைந்த நேரம் யாது?
3. பயணத்திற்கேற்ற கட்டுணவு மூன்றினைப் பாட்டியிடம் கேட்டு எழுதுக.