கூடைப்பந்தாட்டமும் உடற்கட்டும்

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தம் மாணவர்க்கென வகுத்த ஆட்டமே கூடைப்பந்து. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய களத்தில் விரைந்தோடல், சட்டென நிற்றல், திசைமாறல், 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையம் நோக்கி எம்புதல் ஆகியன இடையறாது நிகழ்கின்றன. இதற்கு உயரம் ஒன்றே போதும் என்பது பலர்தம் எண்ணம். உடலின் கூறுகளையும் நோக்குதல் வேண்டும்.

உடல் எடை என்பது கொழுப்பும், தசை, எலும்பு, நீர் முதலிய கொழுப்பற்ற பகுதியும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஒரே உயரமும் 80 கிலோ எடையும் உடைய இரு இளைஞரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர்க்குக் கொழுப்பு 10 விழுக்காடு. மற்றவர்க்கு 25 விழுக்காடு. முன்னவர் சுமப்பது 8 கிலோ கொழுப்பு. பின்னவர் சுமப்பது 20 கிலோ. எடைப்பொறியும் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டா. தோல்மடிப்பின் தடிப்பை அளக்கும் கருவி ஓரளவு காட்டும். எம்பும் விசை தசையினின்றே பிறக்கிறது, மிகுகொழுப்போ சுமையாகிறது.

எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் மாணவன் கொழுப்போடு தசையையும் இழக்கிறான். போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்யும் மாணவியர்க்கு மாதவிடாய் தடைப்படுதலும் எலும்பு வலுவிழத்தலும் நேரலாம். ஆதலின் பயிற்றுநரும் பெற்றோரும் எடை ஒன்றையே நோக்காது, ஓட்டவேகம், எம்பும் உயரம், களைப்பினின்று மீளும் ஆற்றல் ஆகியவற்றையும் அளந்தறிவாராக.