ஆடையும் ஊறும்

மெய்யால் அறியப்படும் உணர்வை நம் முன்னோர் 'ஊறு' என்றனர். ஓரறிவு உயிர்க்குரியதாகத் தொல்காப்பிய மரபியல் முதலில் வைப்பதும் இவ்வுணர்வையே. காயம், துன்பம் என்னும் பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. துணி தோலில் உராய்வதை ஆராய்ந்தால் இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கக் காணலாம்.

கஞ்சி போட்ட சட்டையை அணிந்தவுடன் அதன் மொடமொடப்பு உடம்பெங்கும் தெரிகிறது. சிறிது நேரத்தில் சட்டை அணிந்திருப்பதையே மறந்துவிடுகிறோம். தோல் மரத்துவிட்டதா? இல்லை. தொடுநரம்புகள் பெரும்பாலும் மாற்றத்தையே மூளைக்கு அறிவிக்கின்றன. மாறாத அழுத்தத்தைப் பற்றி அவை விரைவில் மௌனமாகிவிடும். கழுத்துப் பட்டை சற்று நகர்ந்தால் உடனே விழித்துக்கொள்ளும்.

எங்கள் ராயகிரி மக்கள் சங்கரன்கோவிலுக்குத் துணி எடுக்கச் சென்றால், சேலையின் மேல் கையைச் சும்மா வைத்திருப்பதில்லை. முந்தானையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார்கள். அசைவின்றி நயம் தெரியாது என்பதை ஜெர்மானிய உளவியலறிஞர் டேவிட் காட்ஸ் 1925இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். நூலிழைகள் மீது விரல் நகரும்போது நுண்ணதிர்வுகள் எழுகின்றன. மெதுவான அதிர்வை மைஸ்னர் நுண்ணுறுப்புகளும், நொடிக்கு ஏறத்தாழ 250 முறை எழும் விரைவான அதிர்வைப் பாசினி நுண்ணுறுப்புகளும் சிறப்பாக உணர்கின்றன. தொடுகையை நரம்பின் மின்குறியாக மாற்றும் 'பியெசோ2' என்னும் புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன், 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி, ஊறின் மறுபக்கத்தைக் காண்போம். குற்றால அருவியில் நீராடி ஈர உடையுடன் நடந்தவர்கள் தொடையிடுக்கின் எரிச்சலை அறிவார்கள். நீரில் ஊறிய மேல்தோல் மென்மையாகிறது, துணி அதில் ஒட்டி இழுக்கிறது, உராய்வு மிகுகிறது. அவ்வெரிச்சல் பகையன்று; 'உடையை மாற்று' என்னும் எச்சரிக்கையே ஆகும்.

அவ்வெரிச்சலே தெரியாதவர் நிலை என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில் பணியாற்றத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்டு இவ்வினாவுக்கு விடை கண்டார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. உணர்விழந்த கைகால்கள் அறியாமலே படும் காயமும், சூடும், ஓயாத உராய்வுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று காட்டினார். நுண்துளை ரப்பர் அடி கொண்ட மென்மையான செருப்புகள் அங்கு உருவானதும் இதனாலேயே.

நீரிழிவால் நரம்பு பழுதுற்றோர்க்கும் இதே இடர் உண்டு. காலுறையின் ஒரு மடிப்பு, ஒரு தடித்த தையல் போதும். வலியின்றியே புண் உண்டாகிவிடும். எனவே அத்தகையோர் நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுதல் வேண்டும். தொழுநோய் கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகும்; மருந்தும் இலவசமே.

சட்டையை நரம்பு மறப்பது இயற்கை. தேய்த்தாலும் உணராதிருப்பது நோய். இவ்வேறுபாட்டை, மாணவ நண்பர்களே, நம் வீட்டுப் பெரியோர்க்கும் எடுத்துச் சொல்வோமாக!