கீமோ முடிந்தும் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 44 வயது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தன. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்று இருப்பதால் 5 வருடம் டமாக்ஸிஃபென் சாப்பிடச் சொல்கிறார் டாக்டர். கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே! ராத்திரியில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்துக் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், சகோதரி.

ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். ரத்தத்தில் வரும் ஈஸ்ட்ரோஜன் அதில் ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது. இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொள்கிறது. துணைப் புரதங்களைக் கூட்டிக்கொண்டு, சைக்ளின் டி1 போன்ற, செல் பிரியத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இப்படி மரபணுக்களை இயக்கும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். பருவ வயதில் மார்பகம் வளர்வதற்கு உதவும் இதே ஏற்பாட்டைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் 10-க்கு 7 இந்த வகைதான்.

டமாக்ஸிஃபென், கீமோ மருந்துபோல் செல்லைத் தாக்குவதில்லை. பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல, ஈஸ்ட்ரோஜனுக்கான இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. துணைப் புரதங்கள் வந்து சேர முடியாததால் மரபணுக்கள் இயங்குவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே உடலில் வேறெங்காவது போய்த் தங்கிய, ஸ்கேனில் தெரியாத செல்கள் இருந்தால், அவற்றை அடக்கி வைப்பது இதுதான். உங்கள் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருப்பதால், மாத்திரையை விட்டால் இடம் மறுபடி அதற்கே போய்விடும். 5 வருடம் சாப்பிட்டவர்களிடம், 15 வருட முடிவில் மார்பகப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

எரிச்சலுக்கு மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் பராக்ஸெடின், ஃப்ளூயாக்ஸெடின் மாத்திரைகள் வேண்டாம். டமாக்ஸிஃபெனைக் கல்லீரல் வீரியமுள்ளதாக மாற்றுவதை அவை தடுக்கும்.

கருப்பையில் இதே மருந்து ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்யும். ஆகவே வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கு இருந்தால் உடனே காட்டுங்கள். ரத்தம் உறையும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் கூடாது. ஹார்மோன் இல்லாத தடுப்பு முறையே நல்லது.

பல் பிடுங்கப் போனாலும் சரி, ஜுரத்துக்கு ஊசி போடப் போனாலும் சரி, டமாக்ஸிஃபென் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள்.