நேர்ச்சுவரா, சரிவுச்சுவரா? சிஎன்சி பதிப்பு வேலைக்கு எது ஏற்றது

மைசூர் ரோஸ்வுட் பதிப்பு வேலையில் துண்டை முதலில் அறுத்து, பலகைமேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு கிழித்த பிறகுதான் உளியை எடுக்கிறார்கள். துண்டுக்கு ஏற்றபடி குழி. சிஎன்சி ரௌட்டரில் அந்த வசதி கிடையாது. குழியும் துண்டும் ஒரே வரைபடத்திலிருந்து தனித்தனியே வெட்டப்படுகின்றன. பொருந்துமா என்பது பொருத்தும்போதுதான் தெரியும். ஆகவே, எந்தப் பிழையைப் பொறுக்கும் முறை வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

நேர்ச்சுவர் முறையில் எண்ட் மில் பிட் செங்குத்தாக வெட்டுகிறது. ஆழம் கொஞ்சம் தவறினாலும் குற்றமில்லை: துண்டு அரை மி.மீ. மேலே நிற்கும்படி விட்டு, பிறகு தேய்த்துக்கொள்ளலாம். அகலம்தான் மன்னிக்காது. கடையில் வாங்கிய 3.175 மி.மீ. பிட்டை மென்பொருளில் 3 மி.மீ. என்று பதிந்தால் குழி 0.175 மி.மீ. பெருக்கும், துண்டு அதே அளவு சிறுக்கும். இரண்டும் சேர்ந்து 0.35 மி.மீ. இடைவெளி. காலிப்பரால் பிட்டை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பலர் அளப்பதில்லை. இன்னொன்று, குழியின் உள்மூலைகள் பிட்டின் ஆரத்துக்கு வளைந்தே வரும். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகளின் கூர்மூலை மழுங்கிவிடும்.

அங்கேதான் சரிவுச்சுவர் வெட்டும் வீ பிட் கைகொடுக்கிறது. ரோஸ்வுட் பலகையில் தேக்கு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி பிட்டால் குழியின் ஆழம் 5 மி.மீ. துண்டை இடவலம் திருப்பி, தொடக்க ஆழம் 4.5, அதற்குக் கீழே இன்னும் 1.5 மி.மீ. என்று வெட்டுகிறார்கள். பொருத்தும்போது அடியில் 0.5 மி.மீ. பசைக்கு, மேலே 1.5 மி.மீ. பேண்ட் சா புகுந்து அறுப்பதற்கு. ஆப்பு போலச் சரிவுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்வதால் மூட்டு மறைந்துபோகிறது.

பசைக்கு விட்ட அந்த அரை மி.மீ.தான் காப்பு. துண்டை 0.3 மி.மீ. கூடுதல் ஆழமாக வெட்டிவிட்டால், அது அவ்வளவு கீழே இறங்கி உட்காரும். வெளியே ஒன்றும் தெரியாது. 0.7 ஆகிவிட்டால் தரை தட்டி நிற்கும், ஓரமெங்கும் கோடு விழும். குழியைத் துப்புரவாக்கிய எண்ட் மில்லுக்கும் வீ பிட்டுக்கும் இசட் பூஜ்யம் ஒரே இடத்தில் வைக்கப்படாவிட்டாலும் இதே கதிதான். அடியில் கிடக்கும் ஒரு மரச்சீவல்கூடப் போதும்.

ஆழம் தவறினால் எங்கே, எப்படித் தவறியது என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால், இசட் பூஜ்யம் பிடிக்கும் டச் பிளேட்டின் தடிமன் தவறாகப் பதிவாகியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஆழம் என்றால் பலகை வளைந்திருக்கிறது அல்லது அதன் அடியில் இருக்கும் ஸ்பாயில் போர்டு மட்டமாக இல்லை. வெட்ட வெட்ட ஆழம் கூடிக்கொண்டே போனால் பிட்டைப் பிடித்திருக்கும் கொலெட்டைச் சந்தேகிக்கலாம்: தேய்ந்துபோன அல்லது தூசி அடைந்த கொலெட்டிலிருந்து ஸ்பைரல் பிட் மெல்ல இறங்கிவிடும்.

பெயர்ப்பலகை, கூர்மையான கொடி வேலை என்றால் வீ பிட்டுக்கே முதலிடம். ஆனால் மேசைப்பலகைபோல மறுபடி மறுபடி தேய்த்துப் பாலிஷ் போடும் பரப்புக்கு அது ஆகாது. அரை மி.மீ. தேய்த்தாலே எழுத்தின் கோடு ஏறக்குறைய 0.6 மி.மீ. மெலிந்துவிடும். அங்கே நேர்ச்சுவர்தான், பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளியில் தொடங்கி, அதே மரத்தின் கழிவுத்துண்டில் ஒரு தடவை வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.