யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

சிரிப்புப் படம் எல்லோருக்கும் பிடிக்கும். பெரியவர், சிறியவர் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் ஒரு கேள்வி. நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, பீர்மேடு மலைகள் உள்ளன. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாகத் தமிழ் மக்கள் உழைக்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் தமிழ் பேசுவோர் பலர் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானது. அன்று முதல் இந்த ஊர்கள் அந்த மாநிலத்தில் உள்ளன. இந்த மக்கள் தமிழ்ப் படமும் பார்க்கிறார்கள். மலையாளப் படமும் பார்க்கிறார்கள்.

தமிழ்ப் படத்தில் மலையாளி எப்படி வருகிறார்? பல படங்களில் டீக்கடை நாயராக வருகிறார். மலையாளப் படத்தில் தமிழர் எப்படி வருகிறார்? பல படங்களில் வேலைக்காரராக வருகிறார். அவர் வாய் திறந்தாலே சிரிப்பு. 'பாண்டி' என்ற கேலிப் பெயரும் உண்டு.

பெரியவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். குழந்தை மறக்காது. தன் அம்மாவைப் போலப் பேசுபவரைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அதைப் பார்த்தால் குழந்தைக்கு அம்மாவின் பேச்சே வெட்கமாகிவிடும்.

எல்லாச் சிரிப்பும் இப்படியா? இல்லை. இரண்டு படங்களைப் பார்ப்போம்.

1993-இல் 'மேலேப்பறம்பில் ஆண்வீடு' என்ற மலையாளப் படம் வந்தது. ராஜசேனன் இயக்கினார். ஜெயராமும் சோபனாவும் நடித்தார்கள். கதாநாயகன் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போகிறான். அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணை மணக்கிறான். வீட்டில் உண்மையைச் சொல்லப் பயம். அவளை வேலைக்காரி என்று சொல்லி அழைத்து வருகிறான். வீட்டார் நம்பிவிடுகிறார்கள்.

அவள் அந்த வீட்டு மருமகள் என்பது நமக்குத் தெரியும். வீட்டாருக்குத் தெரியாது. ஆகவே ஏமாந்த வீட்டாரைப் பார்த்தே பெரும்பாலும் சிரிக்கிறோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழ்ப் பெண் என்றால் வேலைக்காரி என்று அவர்கள் எளிதில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

1990-இல் 'மைக்கேல் மதன காமராஜன்' என்ற தமிழ்ப் படம் வந்தது. கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்தார். அதில் ஒருவர் காமேஸ்வரன் என்ற சமையல்காரர். பாலக்காட்டுத் தமிழ் பேசுவார். சாம்பாரில் மீன் விழுந்துவிடும். அவர் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் பேச்சும் சிரிப்பூட்டும். ஆனால் அவர் நல்லவர். அவருக்கும் காதல் உண்டு, கல்யாணம் உண்டு. அவர் கதாநாயகர்களில் ஒருவர். அதனால் அவரை நமக்குப் பிடித்துவிடுகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் போனசும் கூலி உயர்வும் கேட்டுப் போராடினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொலைக்காட்சி முன் அவர்களே பேசினார்கள். அப்போது யாரும் அவர்களை வேடிக்கைப் பாத்திரமாகப் பார்க்கவில்லை. கேரளமே காது கொடுத்துக் கேட்டது.

சிரிப்பு நல்லது. சேர்ந்து சிரிப்பது இன்னும் நல்லது. ஒருவரைத் தாழ்த்திச் சிரிப்பது நல்லதல்ல.

கூடிப் பேசுவோம்:

1. நீங்கள் பார்த்த சிரிப்புப் படம் ஒன்றைச் சொல்லுங்கள். அதில் உங்கள் பேச்சைப் பேசுபவர் உண்டா?

2. அவருக்குப் பெயர், வீடு, குடும்பம் உண்டா? கேலிக்கு மட்டும் வருகிறாரா?

3. உங்கள் குழந்தை பக்கத்தில் இருந்தால் அந்தக் காட்சிக்குச் சிரிப்பீர்களா?