பாறையில் படரும் பிகோனியா

குற்றாலம் என்றதும் அருவியும் சாரலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலைக்காட்டின் நனைந்த பாறைகளில் வாழும் செடிகளை நின்று பார்ப்பவர் குறைவு. அவற்றுள் ஒன்றான பிகோனியாவைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

பிகோனியா என்றால் வெளிநாட்டுப் பூந்தொட்டிச் செடி என்றே பலர் எண்ணுகின்றனர். தென்னமெரிக்க மலைக்காடுகளில் இதன் இனங்கள் ஏராளம் என்பது உண்மையே. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவையும் உண்டு. பிகோனியா மலபாரிகா நிமிர்ந்து வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கும். பிகோனியா ஃப்ளாக்சிஃபெரா, குற்றால மலையை வடகோடியாகக் கொண்ட அகத்தியமலைத் தொடரின் ஈரக்காடுகளில் பாறைமேல் வளர்கிறது. ஃப்ளாக்சிஃபெரா என்றால் பஞ்சுத்திரள் உடையது என்று பொருள்.

இஞ்சியும் மஞ்சளும் மட்டநிலத் தண்டுகள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். இந்தச் செடிக்கும் அப்படிப்பட்ட தண்டுதான். இஞ்சிக்கு நல்ல மண் வேண்டும். இதற்கோ பாறை இடுக்கில் தங்கிய பாசியும் மக்கிய இலையுமே போதும். சதைப்பற்றுள்ள தண்டு பாறையோடு படிந்து கிடந்து, கீழே வேர்விட்டுப் பற்றிக்கொள்கிறது. மழையில்லா நாட்களுக்கு வேண்டிய நீரும் உணவும் அதில் இருக்கின்றன.

பிகோனியா இலையை நடுநரம்பில் மடித்தால் இரு பாதிகளும் பொருந்துவதில்லை. ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. யானையின் காதைப் பார்ப்பது போலிருக்கும்! ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் தனித்தனியே பூக்கின்றன. பெண்பூவின் அடியில் சிறகுள்ள சூற்பை இருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம். விதைகளோ தூசி போன்றவை.

இதற்குப் பெயரிட்டவர் சார்ல்ஸ் ப்ளூமியே (1646–1704) என்ற பிரெஞ்சுத் துறவி. மேற்கிந்தியத் தீவுகளில் செடிகளை ஆராய்ந்த அவர், மிஷேல் பெகோன் என்ற அதிகாரியின் பெயரை இதற்குச் சூட்டினார். கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் ஈழத்தலரியின் ப்ளூமேரியா என்ற பெயர் இத்துறவியின் நினைவாக வந்ததே.

சீசனுக்கு வருவோர் சிலர் அழகிய இலையைக் கண்டு செடியைப் பிடுங்கிச் செல்கின்றனர். அப்போது பாறையைப் பற்றியிருந்த தண்டும் பாசியும் சேர்ந்தே பெயர்ந்துவிடுகின்றன. தூசி போன்ற விதை அந்த வெறும்பாறையில் தங்கி முளைப்பது எளிதன்று. கொண்டுபோன செடியும் தென்காசியின் வெயிலில் சில நாட்களில் வாடிவிடும்.

தொட்டியில் வளர்க்க ஆசையுள்ளவர்கள் நாற்றுப்பண்ணைச் செடியின் ஓர் இலையைக் கேட்டு வாங்கினாலே போதும். பின்புறம் நரம்புகளை ஆங்காங்கே கீறி, ஈரமணலின் மேல் படிய வைத்து நிழலில் விடவேண்டும். எங்கள் தாவரவியல் அறை ஜன்னலோரம் இவ்வாறு வைத்த ஓர் இலையிலிருந்து மூன்று கன்றுகள் கிளம்பியுள்ளன.